கெட்டி எலும்பு வேறு, கூடும் எலும்பு வேறு

"எங்க வம்சத்துக்கே எலும்பு கெட்டி டாக்டர், ஸ்க்ரூ பல்லெல்லாம் அசையாம நிக்கும்." ராஜபாளையம் வட்டாரத்தில் பல் கட்டப் போகிறவர்கள், இம்ப்ளான்ட் என்று பேச்செடுத்ததும் இப்படி நெஞ்சை நிமிர்த்துவதுண்டு. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. "எங்க அம்மா, பெரியம்மா, அம்மாச்சி அத்தனை பேருக்கும் அறுபது தாண்டவும் கூன் விழுந்துருச்சு. எனக்குத் தொடையில கம்பி வச்சா எலும்பு கூடுமாங்க?" என்று கேட்கும் பெண்களை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எந்த எலும்பு மருத்துவரும் பார்த்திருப்பார். எலும்பின் அடர்த்தி வம்சத்தில் வருகிறது என்று இரு தரப்பும் சொல்வது சரிதான். கோட்டை விடுவது அடுத்த படியில். எலும்பு கெட்டியாக இருப்பது ஒரு குணம். உள்ளே வைத்த உலோகத்தோடு அது கூடி ஆறுவது இன்னொரு குணம். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

எலும்பு முறிவோடு இந்த ஊர்களுக்குப் பழைய சகவாசம் உண்டு. அது மருத்துவமனை வழியாக வந்ததல்ல, தறி வழியாக வந்தது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. வேட்டிக்கோ சேலைக்கோ ஆகாது. பின்னால் பிடித்த விரல் முன்னால் தெரியும் அளவுக்கு இழை விலகியிருக்கும். நெய்து, வெளுத்து, வெட்டிச் சுருட்டி, காஸ் என்றும் பேண்டேஜ் என்றும் பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் கடந்தும் போகிறது. 1939இல் ராஜபாளையத்தில் தொடங்கிய ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்ஸ் தன் பெயரிலேயே அறுவை சிகிச்சையைச் சுமக்கிறது. மாவுக்கட்டுக்கு அடிப்படையும் இந்த மாதிரித் துணிதான். டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் துணியில் பிளாஸ்டர் மாவைத் தேய்த்து அதைக் கொண்டுவந்தார். மாவுக்கட்டு செய்வதெல்லாம் எலும்பை அசையாமல் வைத்திருப்பதுதான். மிச்சத்தை எலும்பே பார்த்துக்கொள்ளும்.

இம்ப்ளான்ட் விவகாரம் அப்படியல்ல. அங்கே எலும்பு எலும்போடு சேரவேண்டியதில்லை. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உலோகத்தோடு சேரவேண்டும்.

அது முடியும் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1952இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் சின்ன டைட்டானிய அறை ஒன்றைப் பொருத்தினார். விலை கூடிய சாமான். ஆய்வு முடிந்ததும் கழற்றி அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று நினைத்தார். கழற்ற வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய வேர்களைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை நின்றன. டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட், ராஜபாளையத்துக்குத் தெற்கே குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது என்பது நம் பக்கத்துக்கு ஒரு துணுக்குச் செய்தி.

டிரில் இறங்கும் நேரம்

எலும்பின் குணம் எங்கே பிடிபடும் என்று பார்க்க, தாடையில் துளை போடும் வேளைக்குக் கொஞ்சம் கிட்டப் போகவேண்டும். ஈறை விலக்கி எலும்பு வெளியே தெரிந்ததும் முதலில் இறங்குவது சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள டிரில். ஸ்கேன் பாதி சொல்லும். மிச்சம் மருத்துவரின் விரலுக்குத்தான் தெரியும். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் டிரில் முனகிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எதிர்ப்பு இருக்கும். மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் மேலோடு உடைந்த மறுநொடியே கை பொசுக்கென்று உள்ளே போகும். லெக்ஹோல்ம், ஸார்ப் என்ற இருவர் 1985இல் இதை நான்கு வகையாகப் பிரித்து வைத்தார்கள். முழுக்கக் கெட்டியான எலும்பு முதல் வகை. மெல்லிய ஓட்டுக்குள் நெகிழ்ந்த கண்ணறைகளாக இருப்பது நான்காவது. ஒரே ஆளின் ஒரே வாயிலேயே நாலு வகையும் இருக்கலாம். "எங்க வம்சத்துக்கே எலும்பு கெட்டி" என்பவர் எந்தப் பல்லைப் பற்றிச் சொல்கிறார் என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது.

கெட்டி எலும்பு என்றால் வெற்றி நிச்சயம் என்ற எண்ணத்துக்கு அடி விழுவதும் இங்கேதான். எலும்பு கெட்டியாக ஆக, டிரிலின் உராய்வில் சூடு ஏறும். 1983இல் எரிக்ஸன், ஆல்பிரக்ட்ஸன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் முயல் எலும்பில் சூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரே நிமிடம் நீடித்தால் போதும், எலும்புத் திசு கெட்டு, அந்த இடத்தில் கொழுப்பு வந்து குந்திவிடுகிறது. குளிக்கும் வெந்நீரைவிடச் சற்றே கூடுதலான சூடு, அவ்வளவுதான். உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, விட்டு விட்டுத் துளை போடுவது இதற்காக. போதாக்குறைக்கு, கெட்டி எலும்பில் ரத்தக் குழாய்கள் குறைவு. ரத்தம் வராத இடத்துக்கு எலும்பு கட்டும் செல்களும் தாமதமாகத்தான் வரும். நெகிழ்ந்த எலும்பில் பிடிப்பு குறைவானாலும் ரத்தம் தாராளம்.

முறுக்கி ஏற்றிய அன்றைக்கு இம்ப்ளான்ட் நிற்பது மரையின் பிடியில். சுவரில் அடித்த ஸ்க்ரூவுக்கும் அதற்கும் அந்த நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை. பிறகுதான் உடம்பு வேலையைத் தொடங்குகிறது. ரத்தம் உறைகிறது, நசுங்கிய எலும்பைத் தின்னும் செல்கள் வருகின்றன, அவை தின்று முடித்த இடத்தில் கட்டும் செல்கள் புது எலும்பைப் போடுகின்றன. தின்பது முந்திக்கொள்வதால், மூன்று நான்கு வாரங்களில் பிடிப்பு முதல் நாளைவிடக் குறையும். இந்தப் பள்ளத்தைத் தாண்டினால்தான் உயிர்ப் பிடிப்பு. பிரோனெமார்க்கின் பழைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது சீக்கிரமே பல் வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் அந்தப் பள்ளம் எங்கும் போய்விடவில்லை. தின்னும் செல்லும் கட்டும் செல்லும் எந்த விகிதத்தில் வேலை செய்யும் என்பதில்தான் மரபணு வந்து நுழைகிறது.

வம்சம் என்ன தருகிறது

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் எலும்பு அடர்த்தியில் காணும் வித்தியாசத்தில் 50 முதல் 80 விழுக்காடு வரை பரம்பரை என்கின்றன. அப்படியானால் அதற்கென்று ஒரு மரபணு இருக்கவேண்டுமே என்று தேடியவர்களுக்கு ஏமாற்றம். 2012இல் வந்த பெரிய ஆய்வு, மரபுத் தொகுதியில் 56 இடங்களைக் காட்டியது. பிரிட்டனில் நாலே கால் லட்சம் பேரின் குதிகால் எலும்பை அளந்த அடுத்த ஆய்வு, 2018இன் கடைசியில் வெளியாகி, அதை 518 ஆக்கியது. இத்தனையையும் கூட்டினாலும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் விளக்கம் கிடைத்தது. ஒவ்வோர் இடமும் தருவது சில்லறை. சில்லறை சேர்ந்துதான் சொத்து ஆகிறது.

அபூர்வமாக ஒரே மரபணு மொத்தச் சொத்தையும் கையில் வைத்திருப்பதும் உண்டு. எல்.ஆர்.பி.5 என்ற மரபணு அப்படிப்பட்டது. 2001இல் அது இரண்டு பிரதியிலும் பழுதான குழந்தைகளைப் பற்றித் தெரியவந்தது. சின்ன வயதிலேயே பார்வை போய், எலும்பு பொலபொலவென்று உடையும். அடுத்த ஆண்டே அதே மரபணுவில் வேறொரு மாற்றம் உள்ள அமெரிக்கக் குடும்பங்கள் கிடைத்தன. அவர்கள் எலும்பு வழக்கத்தைவிட மிகவும் உறுதி. விபத்தில் சிக்கினாலும் முறிவதில்லை. இவ்வகை எலும்பு உள்ள சிலருக்கு நீச்சல் குளத்தில் மிதப்பதுகூடச் சிரமம். அந்தக் குடும்பங்களில் சிலருக்குத் தாடை அகன்றிருந்தது, அண்ணத்தில் எலும்பு முடிச்சும் இருந்தது. ஒரே மரபணுவின் இரு ஓரங்கள் இவை. நாம் எல்லாரும் நடுவில் எங்கோ இருக்கிறோம்.

கெட்டி என்பதாலேயே நல்லதாகிவிடாது என்பதற்கு இன்னும் கடுமையான சாட்சி ஆஸ்டியோபெட்ரோசிஸ். 1904இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் எக்ஸ்ரேயில் கண்டு சொன்ன பரம்பரை நோய். தின்னும் செல் வேலை செய்யாததால் பழைய எலும்பு கழிவதே இல்லை. படத்தில் எலும்பு வெள்ளை வெளேரென்று தெரியும். அடி பட்டால் சட்டென்று முறியும். மஜ்ஜைக்கு இடமில்லை, ரத்த ஓட்டம் குறைவு. இவர்களுக்கு ஒரு பல் பிடுங்கினால்கூடத் தாடை எலும்பில் சீழ் வைத்து ஆறாமல் இழுக்கும். இம்ப்ளான்ட் வைக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். பரம்பரை சம்பந்தமே இல்லாமல் தண்ணீரால் வந்த கெட்டி எலும்பும் நம் பக்கம் உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், கிணற்று நீரின் ஃபுளோரைடால் முதுகெலும்பு இறுகி முடங்கியவர்களைப் பற்றி 1937இல் ஷார்ட்டும் அவர் சகாக்களும் எழுதினார்கள். அந்த எலும்பும் எக்ஸ்ரேயில் அடர்த்தியாகவே தெரியும்.

வெள்ளை நாயும் சொந்தத்துக்குள் கல்யாணமும்

மரபணு என்றால் ராஜபாளையத்துக்காரர்களுக்குப் புதிதாகப் பாடம் நடத்தவேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் ஒன்றில் இடம்பிடித்தது. தூய வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததில், பிறவியிலேயே காது கேட்காத குட்டிகளும் வந்தன. நிறம் தரும் செல்கள்தான் உள்காதுக்கும் தேவை. தோலில் அவை இல்லாமல் போனபோது சிலவற்றுக்குக் காதிலும் இல்லாமல் போயின. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும் என்பது குட்டி வாங்கும்போது கைதட்டிப் பார்க்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மனிதர் விஷயத்தில் இவ்வளவு நேரடியாகப் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் பெண் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் எந்தச் சமூகத்துக்கும் அந்நியமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் அளவுக்கு ரத்த உறவில் மணந்தவர்கள் என்கிறது. இதனால் ஊரில் எல்லாருக்கும் எலும்பு மெலியும் என்று நினைப்பது தவறு. சொன்னேனே, சாதாரண அடர்த்தி நூற்றுக்கணக்கான சில்லறை மரபணுக்களின் கூட்டு. உறவுத் திருமணம் அதைப் பெரிதாக அசைப்பதில்லை. அது வெளியே கொண்டுவருவது, இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் தலைகாட்டும் அபூர்வ நோய்களை.

அப்படி ஒன்று, முட்டி மாற்று, இடுப்பு மாற்று அறுவைக்கு நேரே கொண்டுபோய் விடுவது. புரோகிரசிவ் சூடோருமட்டாய்டு டிஸ்பிளேசியா என்று வாயில் நுழையாத பெயர். மூன்று வயது முதல் எட்டு வயதுக்குள் குழந்தையின் விரல் கணுக்கள் புடைக்கும், நடை மாறும். பார்த்தால் குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றே தோன்றும். ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் வருஷக்கணக்கில் போகும், பலன் இராது. ஏனென்றால் இதில் அழற்சியே கிடையாது. கோளாறு குருத்தெலும்பில். காரணமான மரபணுவை 1999இல் அடையாளம் கண்டார்கள். அன்றைய பெயர் விஸ்ப்3, இன்றைய பெயர் சிசிஎன்6. 2012இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று 25 குடும்பங்களைச் சேர்ந்த 35 பேரை ஆராய்ந்தது. நோய் அபூர்வம்தான், ஆனால் நம் நாட்டில் அது அவ்வளவு அபூர்வமில்லை என்பது அப்போது புரிந்தது. இவர்களுக்கு இருபதுகளிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்துபோகும். மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு மெலிந்திருக்கும், ஆள் குள்ளம், எலும்பின் முனைகள் அகன்று உருமாறியிருக்கும். கடையில் கிடைக்கும் அளவு சரிப்படாது. அறுபதில் செய்யும் அறுவையை இருபத்தைந்தில் செய்தால், அந்த மூட்டு இன்னும் ஐம்பது வருஷம் உழைக்கவேண்டும். பரம்பரை எலும்பும் இம்ப்ளான்டும் உண்மையில் மோதிக்கொள்ளும் இடம் இது. கெட்டி, மெலிவு என்று பொதுவாகப் பேசுவதைவிட இதைத்தான் நம் மருத்துவர்கள் அதிகம் பேசவேண்டும் என்பது என் கட்சி. விரல் புடைத்த குழந்தைக்கு ரத்தத்தில் அழற்சி அளவு சாதாரணமாக இருந்தால், அப்பா அம்மா சொந்தமா என்ற ஒரு கேள்வி பல வருஷ வீண் மருந்தை மிச்சப்படுத்தும்.

இப்படிச் சொந்தத்தையும் சமூகத்தையும் கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு, மயக்க மருத்துவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே இராது. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து, இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசையை முடக்கிவிடும். ஆகவே அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு மருந்து போடுகிறார்கள். சாதி கேட்பதற்கு நாட்டில் நியாயமான காரணம் ஒன்றிரண்டாவது இருக்கிறது.

எண் சொல்வதும் சொல்லாததும்

இனி, கூன் விழுந்த அம்மாச்சியின் பேத்தி. அவருக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து டி-ஸ்கோர் என்று ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தபடி, அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக்கார இளம்பெண்ணின் எலும்பு. இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த ஸ்கேன் பரப்பைத்தான் அளக்கிறது, கனத்தை அல்ல. சிறுகூடான உடம்பு உள்ளவரின் எலும்பு சரியான தரத்தில் இருந்தாலும், சின்னது என்பதாலேயே எண் குறைந்து காட்டும். 2010இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களுக்கென்று தனி அளவைத் தொகுத்தது. அறிக்கை எந்த அளவோடு ஒப்பிட்டது என்று கேட்பதில் தப்பில்லை.

அதற்காகப் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த பெண்களைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு எங்கேனும் ஓர் இடத்தில் ஆஸ்டியோபோரோசிஸ் இருந்தது; கிட்டத்தட்ட அதே அளவுக்கு வைட்டமின் டி குறைபாடும் இருந்தது. வெயிலுக்குப் பெயர்போன வேலூரில்! கருத்த தோலில் வைட்டமின் டி உண்டாக அதிக நேர வெயில் வேண்டும். தோலின் நிறமும் மரபணுதானே. ராஜபாளையம் மில்களில் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் பெண்ணுக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்? விலங்குகளில் செய்த சோதனைகளில் வைட்டமின் டி குறைந்தபோது இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கூடுவது தாமதமானது. மனிதரிடம் அவ்வளவு தெளிவான சான்று இல்லை. ஆனாலும் மலிவான பரிசோதனை, மலிவான மாத்திரை; அறுவைக்கு முன் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவாவில் கால்சியம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. கூடவே சர்க்கரையும் இருக்கிறது.

சர்க்கரை என்றதும் இன்னொரு கண்ணாமூச்சி. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். முறிவு அபாயமும் அவர்களுக்கே கூடுதல். எலும்பில் உள்ள புரதம் சர்க்கரையோடு ஒட்டி முறுகிப்போவதால் அளவு இருந்தும் தரம் இராது. கூடுவதும் மந்தம். தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. டி-ஸ்கோர் நன்றாக இருக்கிறது என்று கேட்டு நிம்மதியாகப் போகும் சர்க்கரை நோயாளியிடம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எண்ணையும் கேட்டுவிட்டுத்தான் துளை போடவேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அவர்களுக்கும் இம்ப்ளான்ட் நன்றாகவே நிற்கிறது.

ஆஸ்டியோபோரோசிஸ் இருந்தால் பல் இம்ப்ளான்ட் விழுந்துவிடுமா? இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நிலைத்து நிற்பதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. சுற்றியுள்ள எலும்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்கிறது, அவ்வளவே. இடுப்பு எலும்பு மெலிந்தவரின் தாடையும் அதே அளவுக்கு மெலிந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. புகை பிடிப்பவர்களிடமோ தோல்வி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாச்சியின் மரபணுவை நினைத்துக் கவலைப்படுகிறவர், சட்டைப் பையில் இருக்கும் பீடிக்கட்டை மறந்துவிடுகிறார்.

தொடை எலும்பிலும் கதை அதுதான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பருகே முறிந்த பாட்டிக்குக் கம்பியும் ஸ்க்ரூவும் வைக்கும்போது, மெலிந்த எலும்பை ஸ்க்ரூ கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதுண்டு. "எலும்பு வீக்கு, அதான் நிக்கல" என்று வீட்டில் முடித்துக்கொள்வார்கள். 1995இல் அமெரிக்க மருத்துவர் பாம்கார்ட்னரும் குழுவினரும் இப்படி ஸ்க்ரூ வைத்தவர்களின் எக்ஸ்ரேக்களை அளந்து பார்த்தார்கள். ஸ்க்ரூவின் நுனி தொடை எலும்புத் தலையின் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரு கோணங்களில் அளந்து கூட்டினால், 25 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கிழித்து வரவில்லை. மெலிந்த எலும்பும் அவர்களில் இருந்தது. பாட்டியின் வம்சத்தைவிட, வைத்தவரின் கை முக்கியமாகிப்போனது. எலும்பு கூடுவதற்குக் காத்திருக்கவே வேண்டாம் என்கிற வழியும் இருக்கிறது. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செய்த இடுப்பு மாற்றில், உலோகத்தையும் எலும்பையும் அக்ரிலிக் சிமென்ட் கால் மணி நேரத்துக்குள் இறுக்கிவிடுகிறது. ராஜபாளையத்தில் சிமென்ட் என்றால் ராம்கோ மூட்டைதான் கண்முன் வரும், இது அதுவல்ல. வயதான பெண்களின் மெலிந்த எலும்புக்கு இன்றும் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். சிமென்ட் இல்லாமல் பொருத்தும் உலோகத் தண்டைத் தொடை எலும்புக்குள் அடித்து இறக்கும்போது எலும்பு விரிந்து பிளக்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம்.

இப்போது எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் எலும்பு மரபணு அறிக்கை தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. நான் இதற்குக் காசு செலவழிக்கமாட்டேன். அந்த 518 இடங்களைக் கண்டது ஐரோப்பிய வம்சத்தவரின் உடம்பில். நம்மவர்களுக்கு அதே கணக்கு அப்படியே செல்லாது. பத்தாயிரம் இந்தியர்களின் மரபுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இம்ப்ளான்ட் தோல்வியோடு தனித்தனி மரபணு மாற்றங்களை முடிச்சுப் போட முயன்ற ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. அடுத்த பத்தாண்டில் எலும்பு முறிய எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிராக்ஸ் கணக்கீட்டில் மரபணுப் பரிசோதனையே கிடையாது. பெற்றோரில் யாருக்காவது இடுப்பு எலும்பு முறிந்ததா என்பதுதான் அதிலுள்ள பரம்பரைக் கேள்வி. மூன்று தலைமுறைச் சொந்தபந்தத்தை விரல்விட்டுச் சொல்லும் குடும்பங்களுக்கு இதற்குப் பதில் சொல்ல எந்த லேபும் வேண்டாம். பெரியம்மாவின் கூன் எந்த வயதில் தொடங்கியது, சும்மா குனிந்தபோது முறிந்ததா, விழுந்து முறிந்ததா, சித்தப்பா பிள்ளைக்கு விரல் ஏன் அப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு உபயோகம்.

அதே தாளில் எழுதவேண்டிய இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பரம்பரையாக எலும்பு மெலிந்த வீட்டுப் பெண்களுக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருஷம் ஒரு ஜோலெட்ரானிக் அமில ஊசியோ கொடுத்திருப்பார்கள். எலும்பைத் தின்னும் செல்லை அடக்கும் மருந்துகள் இவை. இடுப்பையும் முதுகையும் காப்பாற்றுகின்றன. அதே காரணத்தால், பல் பிடுங்கிய இடத்திலோ இம்ப்ளான்ட் வைத்த இடத்திலோ அபூர்வமாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். 2003இல் மயாமியின் ராபர்ட் மார்க்ஸ் இதை முதலில் எழுதினார். புற்றுநோய்க்கு அதிக அளவில் ஊசி போட்டவர்களுக்கு அபாயம் கூடுதல், எலும்பு மெலிவுக்குப் போட்டவர்களுக்கு மிகக் குறைவு. பயந்துகொண்டு ஊசியை நிறுத்திவிடக் கூடாது. இடுப்பு முறிவுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் "என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று பல் மருத்துவர் கேட்டால் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மட்டும்தான் நினைவுக்கு வரும். மதுரைக்குப் போய் வருஷத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்ட ஊசி மருந்துக் கணக்கிலேயே சேராது. ஜோலெட்ரானிக் அமிலம் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஊசிக்கும் கணக்கு உண்டு. எலும்பு டாக்டர் கொடுத்த அந்தச் சீட்டைப் பல் டாக்டரிடமும் காட்டவேண்டும், ஈறில் கத்தி படுவதற்கு முன்பே.